'அவுட் ஆஃப் மை டெப்த்': அது யாருடைய ஆழம்?

கேள்வி இதுதான்: 'ஐ ஆம் அவுட் ஆஃப் டெப்த் இன் திஸ் சப்ஜெக்ட்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். எங்கே தவறு? 'இன் டெப்த்', 'இன் த டெப்த்ஸ் ஆஃப்' என்றெல்லாம் வருகிறதே, அங்கெல்லாம் 'மை' இல்லையே, இதில் மட்டும் ஏன் வேண்டும்?

'டெப்த்'துக்கு முன்னால் ஒரு 'மை' விடுபட்டிருக்கிறது, அதுதான் தவறு. 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த்' என்று இருக்க வேண்டும். ஆனால் 'மை' சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டால், அடுத்த வாக்கியத்தில் வேறோர் இடத்தில் இடறும். அந்த 'மை' அங்கே என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

என் அறிவுக்கும் அனுபவத்துக்கும் மிஞ்சிய ஒன்றில் திணறுகிறேன் என்று பொருள்படும் இது, தண்ணீரிலிருந்து வந்த தொடர். தண்ணீரில் இறங்கி நடக்கிறீர்கள். முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து. இதுவரை பாதம் தரையில் இருக்கிறது, தலை வெளியே இருக்கிறது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் கால் நிலைக்காது. உங்கள் கால் நிலைக்கிற அந்த எல்லைக்குத்தான் ஆங்கிலத்தில் 'யுவர் டெப்த்' என்று பெயர். அது குளத்தின் ஆழம் அல்ல, உங்களுடைய ஆழம். ஐந்தடி உயரமானவருக்கு ஓர் எல்லை, ஆறடி உயரமானவருக்கு வேறோர் எல்லை. ஒரே தண்ணீரில் அப்பா தன் 'டெப்த்'துக்குள் நிற்பார், பக்கத்தில் இருக்கும் பிள்ளை தன் 'டெப்த்'தைத் தாண்டியிருக்கும். தமிழிலும் 'ஓராள் ஆழம்', 'இரண்டாள் ஆழம்' என்று ஆளை வைத்துத்தான் ஆழம் சொல்கிறோம். ஆங்கிலத் தொடர் இன்னும் ஒரு படி போய், எந்த ஆள் என்றும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கான பதில்தான் 'மை', 'யுவர்', 'ஹிஸ்', 'ஹெர்', 'இட்ஸ்', 'அவர்', 'தேர்'.

இந்த உருவகம் பழையது. 1613இல் லண்டன் குளோப் அரங்கில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில், பதவியிலிருந்து வீழ்ந்த கர்தினால் வூல்சி தன்னைக் காற்றடைத்த பைகளைப் பிடித்துக்கொண்டு நீந்தும் சிறுவர்களோடு ஒப்பிட்டுப் பேசுவார். புகழ் என்னும் கடலில் 'ஃபார் பியாண்ட் மை டெப்த்' போய்விட்டேன் என்பார். அங்கே 'அவுட் ஆஃப்' இல்லை, 'பியாண்ட்' இருக்கிறது. ஆனால் 'மை' அப்போதே தன் இடத்தில் இருக்கிறது.

இனி அந்த ஒரு சொல்லிலிருந்து என்னென்ன கிளைக்கிறது என்று பாருங்கள்.

எழுவாய் யாரோ, உடைமைச் சொல்லும் அவருடையதாக இருக்க வேண்டும். 'ஷி வாஸ் அவுட் ஆஃப் ஹெர் டெப்த்', 'வி வேர் அவுட் ஆஃப் அவர் டெப்த்', 'த டீம் லுக்ட் அவுட் ஆஃப் இட்ஸ் டெப்த்'. அகராதியில் 'அவுட் ஆஃப் ஒன்ஸ் டெப்த்' என்று போட்டிருப்பார்கள். அந்த 'ஒன்ஸ்' வெறும் இடம் காட்டும் சொல். அதை அப்படியே பெயர்த்து 'ஐ ஆம் அவுட் ஆஃப் ஒன்ஸ் டெப்த்' என்று எழுதிவிடக் கூடாது.

பலரைப் பற்றிச் சொன்னாலும் 'டெப்த்' ஒருமையிலேயே நிற்கும். 'தே வேர் அவுட் ஆஃப் தேர் டெப்த்' சரி. 'அவுட் ஆஃப் தேர் டெப்த்ஸ்' வேண்டாம். 'த' சேர்த்து 'அவுட் ஆஃப் த டெப்த்ஸ்' என்றால் பொருளே திரும்பிவிடும். அது 'ஆழத்திலிருந்து மேலே' என்று ஆகிவிடும். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 130ஆம் சங்கீதம் இப்படித்தான் தொடங்குகிறது: ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று. நீங்கள் சொல்ல வந்ததோ ஆழத்துக்குள் போய்விட்டதை.

எழுவாய் ஆளாக இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். 'திஸ் ப்ராப்ளம் இஸ் அவுட் ஆஃப் மை டெப்த்' என்று எழுதுவோர் நிறையப் பேர். தண்ணீரில் தத்தளிப்பது நீங்கள்தான், கணக்கு அல்ல. கணக்கு இங்கே தண்ணீர். 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த் வித் திஸ் ப்ராப்ளம்' என்று திருப்பி எழுதுங்கள். கணக்கையே எழுவாயாக வைத்தாக வேண்டும் என்றால் 'திஸ் ப்ராப்ளம் இஸ் பியாண்ட் மி' என்பது சுத்தமான ஆங்கிலம். ஆள் என்றால் மனிதர் மட்டும்தானா என்றால், இல்லை. ஓர் அணி, ஒரு குழு, ஓர் அமைச்சகம், ஒரு நிறுவனம் எல்லாம் வரலாம். ஒரு வேலையில் இறங்கித் திணறக்கூடிய எதுவும் எழுவாய் ஆகலாம்.

அடுத்தது, அகராதிகள் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம். எனக்கு இது எல்லாவற்றிலும் நுட்பமானதாகப் படுகிறது: அந்த ஆள் ஏற்கெனவே தண்ணீரில் இருக்க வேண்டும். கரையில் நிற்பவரைப் பார்த்து 'அவுட் ஆஃப் ஹிஸ் டெப்த்' என்று சொல்ல முடியாது. பிரெஞ்சு தெரியாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த் இன் ஃப்ரெஞ்ச்' என்றால் வாக்கியம் உயிரில்லாமல் இருக்கும். அவருக்கு வேண்டியது 'ஐ டோன்ட் நோ எனி ஃப்ரெஞ்ச்'. ஆனால் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், திடீரென எல்லாரும் பிரெஞ்சுக்கு மாறிவிட்டார்கள். 'வென் தே ஸ்விட்ச்ட் டு ஃப்ரெஞ்ச், ஐ வாஸ் கம்ப்ளீட்லி அவுட் ஆஃப் மை டெப்த்.' இப்போது தொடர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு சூழல் இருக்கிறது, அது திறமையைக் கேட்கிறது, கேட்கிற அளவுக்கு இவரிடம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்தத் தொடர். வெறும் அறியாமையைச் சொல்ல இதை எடுக்காதீர்கள்.

அதேபோல, வேலை மிகுதியைச் சொல்லவும் இது உதவாது. தமிழர் சறுக்கும் இடம் இது. நாம் 'தலைக்கு மேல் வேலை கிடக்கிறது' என்போம். தலைக்கு மேல் என்றவுடன் நீரும் ஆழமும் நினைவுக்கு வந்து, 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த் வித் ஒர்க்' என்று எழுதிவிடுகிறோம். படிக்கும் ஆங்கிலேயருக்கு அது 'இந்த வேலைக்கு எனக்குத் தகுதி போதாது' என்று கேட்கும். சொல்ல வந்ததற்கும் போய்ச் சேர்வதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! வேலை மிகுதிக்கு ஆங்கிலத்தில் நீர்மட்டம் தலையைத் தாண்டுவதில்லை. கழுத்தோடோ காதோடோ நின்றுவிடும்: 'ஐ ஆம் அப் டு மை நெக் இன் ஒர்க்', 'ஐ ஆம் அப் டு மை இயர்ஸ் இன் ஒர்க்'. அளவு அதிகம் என்றால் கழுத்தும் காதும். கடினம் அதிகம் என்றால் 'அவுட் ஆஃப் மை டெப்த்'.

தமிழில் இதற்கு மிக அருகில் வருவது 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல' என்பது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதை இதற்கு இணையாகச் சிலர் தருகிறார்கள். உருவகம் ஒன்றுதான், ஆனால் பழமொழி இறங்குவதற்கு முன் சொல்லும் எச்சரிக்கை, ஆங்கிலத் தொடர் இறங்கிய பின் உள்ள நிலை. மொழிபெயர்க்கும்போது ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் காலமே மாறிப்போகும்.

வினைச்சொற்களுக்கு வருவோம். 'பி', 'ஃபீல்', 'லுக்', 'ஃபைண்ட் ஒன்செல்ஃப்' ஆகிய நான்கும் இந்தத் தொடரோடு இயல்பாகச் சேரும். 'ஐ ஃபெல்ட் அவுட் ஆஃப் மை டெப்த்' என்றால் எனக்கே அப்படித் தோன்றியது. 'ஹி லுக்ட் அவுட் ஆஃப் ஹிஸ் டெப்த்' என்றால் பார்ப்பவருக்கு அப்படித் தெரிந்தது. 'ஐ சூன் ஃபவுண்ட் மைசெல்ஃப் அவுட் ஆஃப் மை டெப்த்' என்றால் போகப்போகத்தான் உறைத்தது. மெல்ல மெல்ல நழுவுவதைச் சொல்ல 'கெட்' வரும்: 'ஐ வாஸ் கெட்டிங் அவுட் ஆஃப் மை டெப்த்'. 'கோ' என்ற வினையை மட்டும் நிஜத் தண்ணீருக்கு வைத்துக்கொள்வது நல்லது. 'டோன்ட் கோ அவுட் ஆஃப் யுவர் டெப்த்' என்பது நீந்தப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்வது: கால் நிலைக்காத இடத்துக்குப் போகாதே என்று. அதற்கு எதிர்ப்பதம் 'ஸ்டே விதின் யுவர் டெப்த்'.

அளவு காட்டும் சொற்களில் 'வெரி' ஒட்டாது. 'வெரி அவுட் ஆஃப் மை டெப்த்' காதுக்கே உறுத்தும். ஏனென்றால் கால் நிலைக்கிறது அல்லது நிலைக்கவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு தூரம் தாண்டிவிட்டோம் என்பதைத்தான் அளக்க முடியும். அதற்குக் 'கம்ப்ளீட்லி', 'டோட்டலி', 'ஹோப்லெஸ்லி', 'வெல்', 'வே' ஆகியவை உண்டு. குறைத்துச் சொல்ல 'அ பிட்', 'அ லிட்டில்', 'ஸ்லைட்லி', 'ராதர்'.

எதில், யாரிடம் என்று சொல்ல முன்னிடைச்சொல் வேண்டும். பொருளோ கருவியோ என்றால் 'வித்': 'அவுட் ஆஃப் மை டெப்த் வித் திஸ் சாஃப்ட்வேர்'. இடம், துறை, உரையாடல் என்றால் 'இன்': 'இன் தட் டிஸ்கஷன்'. ஆட்களின் நடுவே என்றால் 'அமங்': 'அமங் ஆல் தோஸ் ஸ்பெஷலிஸ்ட்ஸ்'. நீளமான விஷயத்துக்கு 'வென் இட் கம்ஸ் டு'. எது வரும் என்று குழப்பமாக இருந்தால் எதையும் சேர்க்காமல் 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த் ஹியர்' என்று முடித்துவிடுங்கள். அதுவே போதும், பேச்சில் அதுதான் அதிகம் புழங்குவதும்கூட.

தொனி பற்றிச் சொல்லாமல் இந்தத் தொடரைக் கையில் கொடுப்பது சரியல்ல. தன்னைப் பற்றிச் சொன்னால் இது பணிவு, நேர்மை. அலுவலக மின்னஞ்சலில் தயங்காமல் எழுதலாம்: 'ஐ ஆம் அ லிட்டில் அவுட் ஆஃப் மை டெப்த் வித் த டாக்ஸ் க்வெஸ்சன்ஸ். குட் சம்ஒன் ஃப்ரம் அக்கவுண்ட்ஸ் ஜாயின் த கால்?' உதவி கேட்கிறோம், எதில் என்றும் சொல்லிவிட்டோம். யாரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதையே அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் கடுமையான தீர்ப்பு. 'ஷி இஸ் அவுட் ஆஃப் ஹெர் டெப்த் இன் திஸ் ரோல்' என்று பணி மதிப்பீட்டில் எழுதினால், இந்தப் பதவிக்கு அவர் லாயக்கில்லை என்று எழுதியதாகவே ஆகும். 'அவருக்கு இது புதிது, பழகிக்கொண்டிருக்கிறார்' என்பதுதான் உங்கள் கருத்து என்றால் 'ஷி இஸ் ஸ்டில் ஃபைண்டிங் ஹெர் ஃபீட்' என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்விலும் கவனம் வேண்டும். 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த் இன் மேத்ஸ்' என்று நீங்களே சொல்வது வாயில் கதவைச் சாத்திக்கொள்வது போல. 'மேத்ஸ் இஸ் நாட் மை ஸ்ட்ராங்கெஸ்ட் சப்ஜெக்ட்' அதே உண்மையை மிதமாகச் சொல்லும்.

இதோடு குழம்பும் தொடர்களில் மூன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது 'ஓவர் மை ஹெட்'. 'த லெக்சர் வென்ட் ஓவர் மை ஹெட்' என்றால் விரிவுரை புரியவில்லை. இங்கே எழுவாய் விஷயம்தான், ஆள் அல்ல. தலைக்கு மேலே பறந்துபோனது அது, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன். இதில் 'இன்' ஒன்றைச் சேர்த்து 'ஐ ஆம் இன் ஓவர் மை ஹெட்' என்றால் எழுவாய் ஆளாகிவிடும். சமாளிக்க முடியாத சிக்கலில் மாட்டிக்கொண்டேன் என்று பொருள். அமெரிக்கப் பேச்சில் 'அவுட் ஆஃப் மை டெப்த்'தின் இடத்தில் இதைத்தான் அதிகம் கேட்பீர்கள். ஆனாலும் இரண்டும் ஒன்றே அல்ல. கடன், ஒப்பந்தம், பொய்க்கு மேல் பொய் என்று தானாக இழுத்துவிட்டுக்கொண்ட வம்புக்கு 'இன் ஓவர் ஹிஸ் ஹெட்' பொருந்தும். நம் 'அகலக்கால் வைத்தல்' இதற்கு நல்ல இணை. 'அவுட் ஆஃப் ஹிஸ் டெப்த்' அறிவும் அனுபவமும் போதாமையைச் சொல்வது, அதில் பேராசையின் நிழல் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது 'அவுட் ஆஃப் மை லீக்'. ஒருவரோ ஒரு பொருளோ நம் தகுதிக்கு, வசதிக்கு எட்டாத உயரத்தில் இருப்பது. விலை உயர்ந்த வீடு 'அவுட் ஆஃப் மை லீக்', கடினமான தேர்வில் திணறும் நான் 'அவுட் ஆஃப் மை டெப்த்'. மூன்றாவது 'அவுட் ஆஃப் மை எலிமென்ட்'. இது திறமையைப் பற்றியதே அல்ல, பழகாத சூழலில் ஏற்படும் சங்கடம். நூலகத்திலேயே வாழும் ஆராய்ச்சியாளர் ஆட்டபாட்டக் கொண்டாட்டத்தின் நடுவே நிற்கிறார் என்றால் 'அவுட் ஆஃப் ஹிஸ் எலிமென்ட்'. அவரை யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லை, அவருக்கு அந்த இடம் ஒட்டவில்லை, அவ்வளவே.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி, 'இன் டெப்த்'. இங்கே 'மை' ஏன் இல்லை? இப்போது பேச்சு விஷயத்தின் ஆழத்தைப் பற்றியது. அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. நுனிப்புல் மேயாமல் உள்ளே போய்ப் பார்ப்பது என்று பொருள். இரண்டு வேடம் போடும் தொடர் இது, வேடத்துக்கு ஏற்ப எழுத்தும் மாறும். வினையைத் தழுவி வாக்கியத்தின் பின்பகுதியில் வந்தால் இரண்டு தனிச் சொற்கள்: 'வி டிஸ்கஸ்ட் த பிளான் இன் டெப்த்'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நடுவே இணைப்புக்கோடு: 'அன் இன்-டெப்த் டிஸ்கஷன்'. முன்னால் 'அ' அல்ல, 'அன்' வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு எதற்கு என்றால், இரண்டு சொல்லும் சேர்ந்து ஒற்றைப் பெயரடையாக நிற்கின்றன என்று கண்ணுக்குக் காட்டுவதற்கு. கோட்டையும் இடைவெளியையும் விட்டுவிட்டு ஒரே சொல்லாக 'இன்டெப்த்' என்று எழுதுவது பிழை. 'இன்-டெப்த்லி' என்றொரு சொல் இல்லவே இல்லை.

வாக்கியத்தில் எங்கே வைப்பது? செயப்படுபொருளுக்குப் பின்னால். 'ஸ்டடி இன் டெப்த் த ரிப்போர்ட்' என்று தமிழ் வரிசையில் 'ஆழமாக அறிக்கையைப் படி' என்பதுபோல் அடுக்கக் கூடாது. 'ஸ்டடி த ரிப்போர்ட் இன் டெப்த்'. செயப்படுபொருள் ஒன்றரை வரி நீளம் என்றால் மட்டும் தொடரை முன்னால் இழுக்கலாம், இல்லாவிட்டால் வினையையும் அதன் அடையையும் படிப்பவர் சேர்த்துப் பார்க்க முடியாது. கூட்டிச் சொல்ல 'இன் கிரேட் டெப்த்', 'இன் மோர் டெப்த்', 'இன் கிரேட்டர் டெப்த்'. நடுவே 'அ' வராது. சேரும் வினைகள்: 'டிஸ்கஸ்', 'எக்ஸாமின்', 'ஸ்டடி', 'எக்ஸ்ப்ளோர்', 'கவர்', 'அனலைஸ்'. 'நோ' என்ற வினையோடு இது அவ்வளவாக ஒட்டாது. 'ஹி நோஸ் இட் இன் டெப்த்' என்பதைவிட 'ஹி ஹேஸ் அன் இன்-டெப்த் நாலெஜ் ஆஃப் இட்' என்பது இயல்பு. 'பி' வினைக்குப் பின்னால் 'த ரிப்போர்ட் வாஸ் இன்-டெப்த்' என்று எழுதுவதையும் தவிர்ப்பேன். அங்கே 'தரோ' (முழுமையான, ஒன்றுவிடாத) என்ற ஒரே சொல் வேலையை முடித்துவிடும்.

'இன் டீடெயில்' என்பதும் இதுவும் ஒன்றா? இல்லை. ஒரு விபத்தைப் பற்றி எத்தனை மணிக்கு, எந்தத் திருப்பத்தில், எத்தனை வண்டிகள் என்று ஒன்றுவிடாமல் சொன்னால் 'இன் டீடெயில்'. அந்தத் திருப்பத்தில் ஏன் திரும்பத் திரும்ப விபத்து நடக்கிறது என்று காரணத்துக்குள் இறங்கினால் 'இன் டெப்த்'. ஒன்று பரப்பு, மற்றது உள்நோக்கிய தோண்டல். தமிழில் 'விரிவாக', 'ஆழமாக' என்று நமக்கே இரண்டு சொல் இருக்கிறது. எழுதும் முன் தமிழில் எதைச் சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கே எழுத்திலும் உச்சரிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. 'டெப்த்' என்பதன் கடைசி 'எச்' எழுத்தை விட்டுவிட்டால் 'டிபார்ட்மென்ட்' என்பதன் சுருக்கமாகிவிடும். அதுவும் சரியான எழுத்துக்கூட்டல் என்பதால் பிழைதிருத்தி அடிக்கோடு போடாமல் விட்டுவிடலாம். பேசும்போதும் நடுவில் உள்ள 'ப்' ஒலியை விழுங்கிக் கடைசி ஒலியையும் 'ட்' போல நிறுத்தினால் 'டெட்', அதாவது கடன் என்ற சொல்லின் பக்கத்தில் போய் நிற்கும். 'இன் டெட்' என்றால் கடனில், 'அவுட் ஆஃப் டெட்' என்றால் கடன் தீர்ந்து. கடைசி ஒலியைத் தமிழ்த் 'த்' போல அழுத்தி நிறுத்தாமல், நாக்கின் நுனியை மேல்வரிசைப் பற்களின் ஓரத்தில் மெல்ல வைத்துக் காற்றை வெளியே விடுங்கள். குரல் வரக் கூடாது, காற்று மட்டும். அதற்கு முன்னால் வரும் 'ப்' ஒலியில் உதடு மூடித் திறக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பத்து முறை சொல்லிவிட்டுப் பிறகு சேருங்கள்.

மூன்றாவது வடிவம் பன்மை: 'த டெப்த்ஸ்'. இதுவும் யாருடையதும் அல்ல, இது ஓர் இடம், அடியாழம். 'இன் த டெப்த்ஸ் ஆஃப் டெஸ்பேர்', 'இன் த டெப்த்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட்', 'இன் த டெப்த்ஸ் ஆஃப் வின்டர்'. குளிர்காலத்துக்கு ஒருமையும் புழங்குகிறது, விரக்திக்குப் பன்மையே வழக்கம். ஒருவர் தரம் தாழ்ந்ததைச் சொல்ல 'ஹவ் குட் ஹி சிங்க் டு சச் டெப்த்ஸ்?' என்பார்கள். 'ஹிடன் டெப்த்ஸ்' மட்டும் பாராட்டு: வெளியே தெரியாத திறமையும் குணமும் ஒருவரிடம் இருக்கின்றன என்று பொருள். 'பிளம் த டெப்த்ஸ்' என்பதில் வரும் 'பிளம்', ஈயத்துக்கான லத்தீன் சொல்லான 'பிளம்பம்' வழி வந்தது. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு கட்டிக் கடலடியைத் தொட்டுப் பார்த்ததன் நினைவு அது. அப்படி அளந்த அலகு 'ஃபாதம்', 6 அடி, அதாவது 1.8288 மீட்டர், விரித்த இரு கைகளின் நீளத்திலிருந்து பிறந்த அளவு. 'ஐ கான்ட் ஃபாதம் ஒய்' என்று சொல்லும்போது, கயிறு விட்டுப் பார்த்தும் காரணம் எட்டவில்லை என்கிறோம்.

'டீப் எண்ட்' தொடர்கள் இரண்டையும் ஒரே வாயில் போட்டுக் குழப்பாதீர்கள். நீச்சல் குளத்தின் ஆழமான முனைதான் 'டீப் எண்ட்'. 'ஐ வாஸ் த்ரோன் இன் அட் த டீப் எண்ட்' என்றால் எந்தப் பயிற்சியும் இல்லாமல் கடினமான வேலையில் இறக்கிவிடப்பட்டேன். அதன் விளைவாக 'அவுட் ஆஃப் மை டெப்த்' ஆகலாம், நீந்திக் கரையேறியும் விடலாம். 'ஹி வென்ட் ஆஃப் த டீப் எண்ட்' என்பது முற்றிலும் வேறு: அவர் கொதித்துப்போய்க் கத்தித் தீர்த்தார் என்று பொருள்.

தமிழின் 'ஆழம்' வரும் இடமெல்லாம் 'டெப்த்' வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' 'டீப்பெஸ்ட் கன்டோலன்சஸ்'. 'அடிமனதிலிருந்து நன்றி' என்பதற்கு 'ஃப்ரம் த பாட்டம் ஆஃப் மை ஹார்ட்'. 'என்னை ஆழம் பார்க்கிறார்' என்பதை 'ஹி இஸ் சீயிங் மை டெப்த்' என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஹி இஸ் சவுண்டிங் மி அவுட்' என்று அழகான தொடர் இருக்கிறது. இந்த 'சவுண்ட்' ஓசை அல்ல. நீரின் ஆழத்தை அளப்பது என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு சொல். ஆக, இரு மொழியும் ஒருவர் மனதை அறிய நீரில் கோல் விட்டுப் பார்க்கும் அதே செயலைத்தான் நினைத்திருக்கின்றன.

கை பழக, சில பிழையான வாக்கியங்களைத் திருத்திப் பார்க்கலாம். 'மை பிரதர் ஈஸ் அவுட் ஆஃப் மை டெப்த் இன் ஹிஸ் நியூ ஜாப்': எழுவாய் அண்ணன், ஆகவே 'ஹிஸ் டெப்த்'. 'தே டிட் அ இன் டெப்த் சர்வே': 'அ' போய் 'அன்' வர வேண்டும், 'இன்-டெப்த்' நடுவே கோடு வேண்டும். 'ஷி வாஸ் இன் ஹெர் டெப்த்ஸ் ஆஃப் சாரோ': துயரத்தின் அடியாழம் அவர் நின்று அளந்த எல்லை அல்ல, 'ஹெர்' எடுத்துவிட்டு 'த' போடுங்கள். 'திஸ் புக் இஸ் டூ அவுட் ஆஃப் டெப்த் ஃபார் சில்ட்ரன்': புத்தகம் தத்தளிக்காது, பிள்ளைகள்தான் தத்தளிப்பார்கள். 'சில்ட்ரன் வுட் பி அவுட் ஆஃப் தேர் டெப்த் வித் திஸ் புக்' என்று திருப்பிப் போடலாம், அல்லது எளிமையாக 'திஸ் புக் இஸ் டூ டிஃபிகல்ட் ஃபார் சில்ட்ரன்'.

கேள்வியில் இருந்த வாக்கியத்தை அதற்குள் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று விதமாகத் திருத்தலாம். வகுப்பில் உட்கார்ந்தும் ஒன்றும் பிடிபடாமல் திணறுகிறீர்கள் என்றால் 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த் இன் திஸ் கிளாஸ்'. மேலோட்டமாகத் தெரியும், உள்ளே போகவில்லை என்றால் 'ஐ ஹேவ் நாட் ஸ்டடீட் திஸ் சப்ஜெக்ட் இன் டெப்த்'. அந்தப் பாடத்தின் பக்கமே போனதில்லை என்றால் ஆழத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம்: 'ஐ டோன்ட் நோ எனிதிங் அபவுட் திஸ் சப்ஜெக்ட்'.